ஒரு எக்ஸானும் 11 எக்ஸான்களும்

அன்புள்ள ஐயா,

டிஸ்ட்ரோஃபின் மரபணு பற்றிய கட்டுரையில், 45 முதல் 55 வரை 11 எக்ஸான்கள் (மரபணுவில் புரதத்துக்கான குறியீட்டைத் தாங்கும் துண்டுகள்) இல்லாதவர்களில் பலர் நடுத்தர வயதிலும் நடமாடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் அக்கா மகனுக்கு 45 ஒன்றுதான் இல்லை. ஏழு வயது. தரையிலிருந்து எழுவதற்குத் தன் தொடையிலேயே கை ஊன்றி ஊன்றி ஏறுகிறான். டுஷேன் தசைச்சிதைவு என்கிறார்கள். ஒன்று போனவனுக்கு இப்படி, 11 போனவருக்கு அப்படியா? அச்சுப்பிழையோ?

க.

அன்புள்ள க.,

அச்சுப்பிழை இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தேன். கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

செல் மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது. “அவன் தந்த பழம் உண்ட மகள்” என்ற வரியில் எல்லாமே மூன்றெழுத்துச் சொற்கள். முதல் இரண்டு சொற்களை எடுத்துவிடுங்கள். “பழம் உண்ட மகள்” என்று நிற்கும், பொருள் இருக்கிறது. சரி, இப்போது ‘வ’ ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மூன்று மூன்றாகப் பிரியுங்கள்: “அன்த ந்தப ழம்உ ண்டம கள்”. கடைசி வரை உளறல்தான். எக்ஸான் 45-இல் 176 எழுத்துகள். மூன்றால் வகுத்தால் 2 மிஞ்சும். 45 முதல் 55 வரை மொத்தமாகப் போனால் மிச்சமே வராது.

இந்த மரபணு உருவாக்கும் புரதம் செய்யும் வேலையும் இதற்குத் தோதானது. டிஸ்ட்ரோஃபின் ஒரு நீளக் கயிறு. ஒரு முனை தசைச் செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் என்ற புரதத்தைப் பிடிக்கிறது, மறுமுனைப் பக்கம் செல்லுறையில் பதிந்த புரதங்களைப் பிடிக்கிறது. தசை சுருங்கும்போது உறை கிழியாமல் காப்பது இந்தப் பிடிதான். நடுவில் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான 24 கண்ணிகள். அவற்றில் சில போனால் கயிறு குட்டையாகும், முனைகள் இரண்டும் இருக்கும். எழுத்து தடம் புரண்டாலோ ‘நிறுத்து’ என்ற குறி சீக்கிரமே வந்துவிடுகிறது, மறுமுனையே உருவாவதில்லை. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மரபணுவின் குறியீட்டில் 46 சதவீதம் இல்லாமலே 61 வயதில் நடமாடிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள் பையனுக்கு வருவோம். எக்ஸான் 44-இல் 148 எழுத்துகள். 176-உடன் கூட்டினால் 324, மூன்றால் மீதியின்றி வகுபடும். அதாவது 44-ஐயும் செல் தாண்டிப் போனால் வரி மறுபடி நேராகும். அப்படித் தாண்டவைக்கும் மருந்துகளை மனிதர்களிடம் சோதித்திருக்கிறார்கள். 45 மட்டும் இல்லாத சிலருக்கு உடலே கொஞ்சம் அப்படித் தாண்டுகிறது. அவர்கள் சில ஆண்டுகள் கூடுதலாக நடக்கிறார்கள். இவனும் அப்படித்தான் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் “44-ஐத் தாண்டும் சிகிச்சை இவனுக்குப் பொருந்துமா?” என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

அப்புறம், அக்காவையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இது எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணு; மகனுக்கு அந்த எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும். ஆனாலும் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு இந்தப் பிழை புதிதாகவே வருகிறது, தாயிடமிருந்து அல்ல. அக்காவிடம் பிழை இருந்தால், அவருடைய இதயத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.