பைலட்டும் பாத்தாரு, ரேடாரும் புடிச்சுது, அப்பறம் என்னங்க?

போன இதழ்ல இம்பால் ஏர்போர்ட் பத்தி நாலு வரி எழுதுனது தான் தாமசம். 2023 நவம்பர் 19 அன்னிக்கு ஏதோ ஒன்னு மேல பறக்குதுன்னு சுமார் மூணு மணி நேரம் விமானத்தையெல்லாம் நிறுத்தி வெச்சு, ரெண்டு ரஃபேல் அனுப்பித் தேடியும் ஒன்னும் அகப்படலைன்னு எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடுதாசியும் வாய்ஸ் மெசேஜும் பாத்தா நம்ம சனத்துக்கு வானத்து மேல இவ்வளவு ஆசையான்னு இருக்குது. இந்த தடவை பூராவும் அதுக்கே ஒதுக்கிட்டேன், ஆடு வளர்ப்பு கேள்வி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்குங்க.

ஏனுங்க, குடிச்சுப்போட்டு இட்டேரில வந்தவன் சொன்னா நம்ப வேண்டாம், சரி. படிச்ச பைலட்டே பாக்கறாரு, ரேடாருலயும் புள்ளி விழுகுது. ரெண்டும் ஒட்டுக்கா பொய் சொல்லுமா?
— தறி ஓட்டும் வாசகர், பல்லடம்

பொய் சொல்லாதுங்க. ரெண்டும் உண்மையத்தான் சொல்லுது. ஆனா ரெண்டு பேரும் ஒரே பொருளைப் பத்தித்தான் பேசறாங்களான்னு யாராச்சும் பாத்தாங்களா, நான் கேக்கறது அது ஒன்னு தான்.

ரேடார்னா என்னமோ மேல இருக்கறத போட்டோ புடிக்கற மாதிரி நெனச்சுக்கறோம். அது கெணத்துக்குள்ள எட்டிப்பாத்து கத்துனா எதிரொலி வருதுல்ல, அந்த வேலை தான். ரேடியோ அலைய அனுப்பும், எதுலயாச்சும் பட்டுத் திரும்பி வந்தா எத்தன நேரத்துல வந்துதுன்னு பாத்து தூரத்த சொல்லும். பறவைக் கூட்டம், பூச்சிக் கூட்டம், மழை எல்லாத்துலயும் பட்டுத் திரும்பும். ஏர்போர்ட் ஸ்க்ரீன்ல விமானத்து பக்கத்துல நம்பரும் உயரமும் எழுதி வருதுல்ல, அது எதிரொலி இல்லீங்க, விமானத்துல இருக்கற டிரான்ஸ்பாண்டர்னு ஒரு பொட்டி கேட்டதுக்கு பதில் சொல்றது. அந்தப் பொட்டி இல்லாதது எதுவா இருந்தாலும் வெறும் புள்ளி தான்.

இன்னொரு சங்கதி. மார்கழி காலைல கவுந்தப்பாடி பக்கம் போனா ஆலைக்கொட்டாய் பொகை மேல போகாம கரும்புக்காட்டு மேலயே படுத்துக் கெடக்கும், பாத்திருப்பீங்க. கீழ குளுந்த காத்து, மேல சூடான காத்து, அதனால பொகைய மேல விடாம அமுக்கி வெச்சுக்கும். அதே அடுக்கு ரேடார் அலையையும் வளைச்சு கீழ தள்ளிப்போடும், அப்ப எங்கயோ தூரத்துல ரோட்டுல போற வண்டி, கட்டடம் எல்லாம் வானத்துல இருக்கற மாதிரி புள்ளியா விழும். 1952 ஜூலைல அமெரிக்கா தலைநகர் வாஷிங்டன்ல ரெண்டு சனி ராத்திரி ரேடாருல புள்ளியா விழுந்து, சண்டை விமானம் அனுப்பி, பேப்பரெல்லாம் கொட்டை எழுத்துல போட்டு, கடைசில ஜூலை 29 அன்னிக்கு அவிங்க விமானப்படை மேஜர் ஜெனரல் ஜான் சாம்ஃபோர்ட் பத்திரிகைக்காரங்களக் கூட்டி வெச்சு இந்த காத்தடுக்கு சமாச்சாரமாத்தான் இருக்கும்னு சொன்னாரு. ரேடாருல உக்காந்திருந்தவங்க ஒத்துக்கல, எங்களுக்கு காத்தடுக்குப் புள்ளி எப்படி இருக்கும்னு தெரியாதான்னு கேட்டாங்க. அவிங்க கேட்டதுலயும் நாயம் இருக்குது. ஆனா அந்த ராத்திரி வெளிச்சத்தைப் பாத்த பைலட்டும் புள்ளியப் பாத்த ஆளும் சொன்னதுல எது எதோட சேருதுன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் கச்சிதமா கோர்த்துக் காட்டல.

இன்னொன்னு, ரேடார் நாம காட்டச் சொன்னதைத்தான் காட்டும். 2023 பிப்ரவரி 4 அன்னிக்கு அமெரிக்காக்காரன் சீனா பலூன சுட்டு வீழ்த்துனானா, அதுக்கப்பறம் 10, 11, 12 தேதிகள்ல வரிசையா மூணு மர்மப் பொருளைச் சுட்டாங்க. திடீர்னு எங்கிருந்துங்க வந்துது இத்தன? அதுவரைக்கும் மெதுவா போறதெல்லாம் பறவை, மேகம்னு ரேடாரே கழிச்சுப் போட்டுட்டு இருந்துது, பலூனுக்கப்பறம் அந்த சல்லடைய மாத்துனாங்க, அதனால எச்சா தெரிஞ்சுதுன்னு அவிங்க ஜெனரலே சொன்னாரு. சல்லடைக் கண்ணு மாறுனா கீழ விழுகறதும் மாறும், நம்ம களத்துல பாக்காததா.

1986ல ஜப்பான் விமானத்தை ஒரு பெரிய கப்பல் மாதிரி ஒன்னு தொரத்துச்சாமே, அதப் பத்தி சொல்லுங்கோ.
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கோபி

நல்ல கேஸ எடுத்தீங்க சார். நவம்பர் 17, 1986. ஜப்பான் ஏர்லைன்ஸ் 1628, சரக்கு ஏத்துற 747, பிரான்ஸ் ஒயின் ஏத்திட்டு அலாஸ்கா மேல போயிட்டிருக்குது, பொழுது சாஞ்ச நேரம். கேப்டன் கென்ஜூ தெராவுச்சி. முதல்ல ரெண்டு வெளிச்சம் பக்கத்துல வந்துதுங்கறாரு, பொறவு விமானந்தாங்கிக் கப்பல விட பெருசா ஒரு நெழல் பின்னால வந்துதுங்கறாரு. ஆங்கரேஜ் கன்ட்ரோல்ல கேட்டா அவிங்க ரேடாருலயும் விமானத்துக்குப் பக்கத்துல விட்டு விட்டு ஒரு புள்ளி. உன் விமானத்த ஒரு முழு வட்டம் அடின்னு சொன்னாங்க, அவரும் அடிச்சாரு, அது போகலைங்கறாரு.

இதுவரைக்கும் கேட்டா முடி சிலிர்க்குது. மிச்சத்தையும் கேளுங்க. அந்த நேரம் அந்தப் பக்கம் வந்த பயணிகள் விமானத்தையும், ஒரு மிலிட்டரி விமானத்தையும் கிட்ட போய்ப் பாருங்கன்னு அனுப்புனாங்க, ரெண்டு பேருக்கும் ஜப்பான் விமானம் மட்டும் தான் தெரிஞ்சுது. அமெரிக்க விமானத்துறை மூணு நாலு மாசம் ஆராஞ்சு, ரேடார் புள்ளி அதே விமானத்தோட எதிரொலி ரெண்டா பிரிஞ்சு விழுந்ததுன்னு முடிச்சாங்க. அப்ப பாருங்க, கேப்டன் பாத்தது ஒன்னு, ரேடார் பாத்தது இன்னொன்னு. அவரு எதைப் பாத்தாரு? அன்னிக்கு அந்தத் திசைல வியாழன் கிரகம் பளிச்சுன்னு இருந்துதுன்னு ஒரு கச்சி சொல்லுது, கூட இருந்த சிப்பந்திகளும் வெளிச்சத்தப் பாத்தாங்களேன்னு இன்னொரு கச்சி. அதே கேப்டன் 1987 ஜனவரில மறுபடி வெளிச்சம் தெரியுதுன்னு சொல்லி, அது பனித்துகள்ல பட்டுத் தெறிச்ச ஊரு லைட்டுன்னு பொறவு அவரே ஒத்துக்கிட்டாரு. நான் இந்த கேஸ முழுசா ஊதித் தள்ள மாட்டேன், ஆனா “ரேடாரும் உறுதி பண்ணுச்சு”ன்னு யூடியூப்ல சொல்றான் பாருங்க, அத மட்டும் வெட்டிப்போடுங்க.

அமெரிக்கா நேவி வீடியோல கடலை ஒட்டி ஒன்னு வெடுக்குன்னு போகுதே, அந்த வேகத்துல எந்த விமானம் போகும்?
— இன்ஜினியரிங் மாணவர், பெருந்துறை

தம்பி, கோயமுத்தூர்ல இருந்து பொள்ளாச்சி பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து போயிருக்கியா? ரோட்டோர தென்னைமரம் எல்லாம் பின்னால ஓடும். ஓடறது மரமா பஸ்ஸா? அந்த ‘கோ ஃபாஸ்ட்’ வீடியோவும் அதே தான். எடுத்த விமானம் 25,000 அடில வெசயா போகுது, அந்தப் பொருள் கடலை ஒட்டி இல்ல, சுமார் 13,000 அடி உயரத்துல இருக்குது. ஸ்க்ரீன்ல இருக்கற நம்பர வெச்சே நாசா குழு 2023ல கணக்குப் போட்டுச்சு, மணிக்கு 40 மைல் தான் வந்துது. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்ல அடிக்கற காத்து கிட்டத்தட்ட அந்த வேகம் வரும். நீயும் பேப்பர் எடுத்துப் போட்டுப் பாக்கலாம், பத்தாவது முக்கோணவியல் போதும்.

ஆனா 2004 நவம்பர் 14, சான் டியாகோ பக்கத்துக் கடல்ல நிமிட்ஸ்ங்கற விமானந்தாங்கிக் கப்பல் பைலட் டேவிட் ஃப்ரேவர் பாத்தது வேற. வெள்ளையா, றெக்கை இல்லாம, 40 அடி நீளத்துல மாத்திரை மாதிரி ஒன்னு. கூட வந்த இன்னொரு விமானத்துல இருந்த அலெக்ஸ் டீட்ரிக்கும் பாத்தாங்க, பிரின்ஸ்டன் கப்பல் ரேடாருல அதுக்கு முன்னயே சில நாளா புள்ளி வந்துட்டு இருந்துது. பட்டப்பகல், நாலு கண்ணு இல்ல எட்டுக் கண்ணு. இதுக்கு எனக்குத் திருப்தியான பதில் கெடைக்கல. ரேடார் பதிவு பொதுவுல வந்தா ரெண்டும் ஒன்னான்னு கோர்த்துப் பாக்கலாம், அது தான் வரவேயில்ல.

பொழுதோட களத்துல கட்டில் போட்டுப் படுத்திருந்தேன், மணி கோத்த மாதிரி வரிசையா வெளிச்சம் தெக்கால இருந்து போச்சு. எங்க அப்பாரு சாமி ஊர்வலம்ங்கறாரு.
— வாசகி, நெகமம்

ஸ்டார்லிங்க் சேட்டிலைட்டுங்க அம்மணி. ராக்கெட்ல ஒட்டுக்கா ஏத்தி விடுவாங்க, பிரியற வரைக்கும் ரயில் மாதிரி போகும். உங்களுக்குப் பொழுது சாஞ்சிருச்சு, அத்தன உயரத்துல இருக்கற அதுக்கு இன்னும் சாயல, அதனால மின்னுது. பைலட்டுங்களே இதப் பாத்து வட்டமா சுத்துது, மறையுது, மறுபடி வருதுன்னு ரிப்போர்ட் பண்றாங்க. அப்பாரு சொன்னதத் திருத்த வேண்டாம், பாவம்.

சூலூர்ல இருந்து போற விமானம் எதையாச்சும் தொரத்தியிருக்குதா? நம்ம மிலிட்டரி இதையெல்லாம் பாக்குதா?
— மளிகைக்கடைக்காரர், சோமனூர்

2024 ஆகஸ்ட்ல உங்க ஓடு கிடுகிடுத்துதே, அது ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன்காரங்க சூலூர் விமானப்படைத் தளத்துல பயிற்சிக்கு வந்தது, மர்மம் இல்ல. மிலிட்டரி பாக்குதான்னா, நல்லாவே பாக்குது. 2012 ஆகஸ்ட்ல இருந்து 2013 பிப்ரவரி வரைக்கும் லடாக்ல சீனா எல்லை மேல 329 தடவை மர்ம வெளிச்சம்னு நம்ம ராணுவம் குறிச்சு வெச்சுது, சீனா டிரோன்னு நெனச்சாங்க. பெங்களூர் வான் இயற்பியல் நிறுவனத்து ஆளுங்க வந்து பாத்தா, ஒன்னு வியாழன், இன்னொன்னு வெள்ளி. சிரிக்காதீங்க. 2011 ஜனவரில அட்லாண்டிக் மேல, தூங்கி எந்திரிச்ச ஒரு கனடா கோ-பைலட் வெள்ளியை எதிர வர்ற விமானம்னு நெனச்சு, பொறவு நெஜ விமானத்தப் பாத்து மோதிருமோன்னு மூக்கைக் கீழ அமுக்கி, 16 பேருக்கு அடி. ராத்திரி வானத்துல தூரத்த அளக்க கண்ணுக்கு ஒரு புளியமரம் கூட கெடையாதுங்க, அவரு என்ன பண்ணுவாரு.

எம்பொண்ணு பைலட் டிரெயினிங் போறா. இப்படி எதாச்சும் பாத்தா சொல்லட்டுமா, வேலை போயிருமா?
— தாயார், ஈரோடு

சொல்லச் சொல்லுங்க. மேல சொன்ன ஜப்பான் கேப்டன் தெராவுச்சிய அப்பறம் மேசை வேலைக்கு மாத்தி, பல வருஷம் கழிச்சுத்தான் மறுபடி ஓட்ட விட்டாங்கங்கறதும் நிஜம் தான், மறைக்கல. ஆனா இன்னொரு கதையும் சொல்லுங்க. இடி மேகத்துக்கு மேல செவப்பா வெளிச்சம் குபுக்குன்னு எழும்புதுன்னு பைலட்டுங்க பல வருஷமா சொல்லிட்டு இருந்தாங்க, யாரும் காதுல வாங்கல. 1989ல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ராக்கெட்டுக்குன்னு கேமராவ சரி பார்த்துட்டு இருந்தப்ப தற்செயலா பதிவாச்சு. இப்ப அதுக்கு ஸ்ப்ரைட்னு பேரு வெச்சுப் பாடமா நடத்தறாங்க. பொண்ணுகிட்ட ஒன்னே ஒன்னு: பாத்த நேரம், திசை, எத்தன உயரத்துல இருந்தா, எந்தப் பக்கம் ஜன்னல், இத உடனே எழுதி வெச்சுக்கச் சொல்லுங்க. எத்தன தூரம், எத்தன பெருசுங்கறத எழுத வேண்டாம்.

அமெரிக்காக்காரன் மொத்தம் எத்தன கேஸ் பாத்தான்?
— வாசகர், தாராபுரம்

அமெரிக்க விமானப்படை நடத்தி 1969ல மூடுன ‘புளூ புக்’ங்கற மர்மப் பொருள் விசாரணைல 12,618 ரிப்போர்ட், அதுல 701 விடை இல்லாம நின்னுது. அமெரிக்க உளவுத்துறையோட 2021 ஜூன் அறிக்கைல 144 கேஸ், உறுதியா விடை சொன்னது ஒன்னே ஒன்னு, காத்து எறங்குன பெரிய பலூன்.

பொள்ளாச்சில பொங்கலப்ப யானை பறந்துதுங்கறாங்களே?
— மூணாங்கிளாஸ் வாசகர், கிணத்துக்கடவு

ஆமா கண்ணு. பலூன் திருவிழா. அது காத்துல அடிச்சுட்டுப் போய் கேரளா வயக்காட்டுல எறங்கிருச்சு. அத எந்த பைலட்டும் ரிப்போர்ட் பண்ணல.