கேள்வி-பதில்: யார் மடியில் கனம்?

கேள்வி: தெருவுக்குத் தெரு கேமரா வைக்கிறார்கள், போனை ஒட்டுக்கேட்கிறார்கள், ஆதாரை எல்லாவற்றோடும் இணைக்கிறார்கள் என்று உங்கள் பத்திரிகை அடிக்கடி எழுதுகிறது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? என்னிடம் மறைக்க எதுவுமே இல்லை. அரசாங்கம் பார்த்துவிட்டுப் போகட்டுமே! (தயவுசெய்து என் பெயரை வெளியிட வேண்டாம்.)
- ஒரு வாசகர்

பதில்: பழமொழியைச் சொல்லிவிட்டீர்கள். இனி அதை விட்டு என்னால் நகர முடியாது.

பழமொழிகளுக்குப் புதுப் பொருள் கண்டுபிடிக்கிறவர்களோடு எனக்குப் பழைய பகை உண்டு. 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்பதை 'சஷ்டியில் இருந்தால்' என்று திருத்தி, விரதம் இருந்தால் கருப்பையில் குழந்தை வரும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அவர்களோடு போட்ட சண்டையில் எனக்கு இரண்டு நட்பே முறிந்திருக்கிறது. சட்டி என்றால் சட்டிதான், அகப்பை என்றால் அகப்பைதான். அடுப்படியில் நின்ற எவருக்கும் விளக்கம் தேவையில்லை. அதனால் உங்கள் பழமொழியையும் அது சொல்கிறபடியே எடுத்துக்கொள்கிறேன்.

மடி என்பது காசை முடிந்துவைக்கிற இடம். அந்தக் காலத்தில் காசோடு நடந்து போகிறவனுக்கு வழியில் என்ன பயம்? வழிப்பறி பயம். உங்கள் பழமொழியில் வழியில் நிற்பவன் திருடன். போலீஸ்காரரோ தாசில்தாரோ அங்கே இல்லை. மடியில் கனம் வைத்திருந்தவன் குற்றம் செய்தவன் என்று அது சொல்லவே இல்லை. அவன் காசு வைத்திருந்தான், அவ்வளவுதான். அடுத்தவன் மடியைத் தடவுகிறவனைத்தான் அது திருடனாகப் பார்க்கிறது. அரசாங்கத்துக்காகப் பேச நீங்கள் எடுத்த பழமொழி, அரசாங்கத்தைக் கொண்டுபோய் எங்கே நிறுத்துகிறது என்று யோசியுங்கள்.

மடி என்றதும் எனக்கு என் அப்பத்தா ஞாபகம். இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப்பை இருக்கும். யாரையும் தொட விட மாட்டாள். அவள் இறந்த அன்றைக்குத்தான் அதை அவிழ்த்தோம். உலர்ந்த வெற்றிலை, கொட்டைப்பாக்கு, மூன்று ரூபாய்ச் சில்லறை. அடியில் எட்டாக மடித்த ஒரு அடகுச் சீட்டு. தோட்டின் திருகாணி கழன்றுவிட்டது, ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன் என்று ஆறு மாதமாக ஈர்க்குச்சியைக் காதில் செருகிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாளே, அந்தத் தோடு. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டதால் தலைமுழுகிவிட்ட சின்ன அத்தையின் பிரசவச் செலவுக்குப் போயிருக்கிறது. அப்பத்தா எந்தச் சட்டத்தை மீறினாள்? ஆனாலும் அவள் உயிரோடு இருந்தபோது யாராவது அந்தப் பையைப் பிடுங்கிக் கூடத்தில் கொட்டியிருந்தால், அவளால் அந்த வீட்டில் அப்புறம் தலைநிமிர்ந்து நடந்திருக்க முடியாது.

உங்கள் மடியிலும் ஏதாவது இருக்கும். ஒரு மருந்துச் சீட்டு, ஒரு கடன் பத்திரம், யாருக்கோ எழுதி அனுப்பாமல் விட்ட ஒரு கடிதம். மறைக்க எதுவுமே இல்லை என்று எழுதிய கையாலேயே, பெயரை வெளியிட வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது உங்கள் உரிமை. அந்த உரிமையைப் பற்றித்தான் நாங்களும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சரி, எது கனம் என்று யார் முடிவு செய்வது? சோதனை போடுகிறவர்தான். மதுரைப் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பழங்குடியினர் சட்டத்தை அங்கே 'ரேகைச் சட்டம்' என்றே சொல்வார்கள். ஒரு சாதியில் பிறந்த ஆண்கள் போய்க் கைரேகை பதிய வேண்டும். இரவானால் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் கையில் சீட்டு வேண்டும். அவர்கள் மடியில் என்ன கனம்? பிறப்பே கனம் என்றது சட்டம். ரேகை வைக்க மாட்டோம் என்று பெருங்காமநல்லூர் மறுத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். அந்த மக்களுக்காக வாதாடிய ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 வரை ஆனது.

இன்று அதே ரேகையைக் கேட்டால் பெருவிரலை நீட்டிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். போன மாதம் ஒரு ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அம்மா. ஊரார் பாத்திரமெல்லாம் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆகிவிட்ட விரல். இயந்திரம் ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்தார், வைத்தார். தலைமுடியில் தேய்த்தார், வைத்தார். ஐந்தாவது முறை பின்னாலிருந்து ஒருவர், "ஓரமா நில்லும்மா, மத்தவங்க வாங்கட்டும்" என்றார். அந்த அம்மாவும் தப்பு தன்மேல்தான் என்பதுபோல ஒதுங்கி நின்றார். அவரைத் தெருவுக்கே தெரியும். இயந்திரத்துக்குத் தெரியவில்லை. நம் கண்ணில் பட்ட மனுஷியை விட்டுவிட்டு இயந்திரத்தை நம்பப் பழகிவிட்டோம். என் கோபமெல்லாம் அதன்மேல்தான்.

'பார்த்துவிட்டுப் போகட்டும்' என்கிறீர்கள். பார்க்கிறவர்கள் போவதில்லையே! 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டப்படி கைதானவரின் கைரேகை, கருவிழி போன்றவற்றை எடுத்து 75 ஆண்டுகள் வரை வைத்திருக்கலாம். விடுதலையானால் அழிக்க வேண்டும் என்று இருக்கிறது. அதுவும் மேல்முறையீடெல்லாம் முடிந்த பிறகு.

ஒட்டுக்கேட்பது பற்றி இன்னும் ஒரு கணக்கு. மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 தொலைபேசிகளை ஒட்டுக்கேட்க உத்தரவு போடுகிறது என்று 2013 வாக்கில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது தெரிந்தது. உத்தரவு சரிதானா என்று பார்க்க ஒரு மறுஆய்வுக் குழு உண்டு. அதில் இருப்பவர்களும் அதிகாரிகளே, நீதிபதி யாரும் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் அந்தக் குழு ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, இது நடக்கிற காரியமில்லை என்று, தகவல் பாதுகாப்பு பற்றி ஆராய அரசே அமைத்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் எழுதியது. காப்பிகூடக் குடிக்காமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஓர் உத்தரவுக்கு இரண்டு நொடி தேறாது. இரண்டு நொடியில் உங்கள் பெயரைக்கூடச் சரியாக வாசிக்க முடியாது.

இந்தக் கணக்கே நமக்குத் தகவல் உரிமையால்தான் கிடைத்தது. அங்கேதான் என் வயிறு எரிகிறது. நம் தகவலைப் பாதுகாக்க என்று 2023இல் ஒரு சட்டம் செய்தார்கள். தனக்கு வேண்டிய அரசு அமைப்புகளுக்கு அதிலிருந்து விலக்குத் தர மத்திய அரசுக்கு அதே சட்டத்தில் அதிகாரம். கையோடு தகவல் உரிமைச் சட்டத்திலும் கை வைத்தார்கள். தனிப்பட்ட தகவலைப் பொதுநலன் கருதித் தரலாம் என்று ஒரு பிரிவில் இருந்த வாசகம் போய்விட்டது. ஓர் அதிகாரியின் சொத்துக் கணக்கையோ பதவி உயர்வையோ கேட்டால், தனிப்பட்ட விவரம் என்று கதவைச் சாத்த வழி அகலமாகிவிட்டது. பெகாசஸ் என்ற உளவு மென்பொருளைப் போன்களில் ஏவினார்கள் என்ற விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைப் பார்த்தது. ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது; அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதை 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் வாசித்தார்.

உங்கள் பழமொழியை இப்போது நான் கடன் வாங்கிக்கொள்கிறேன். மடியில் கனமில்லை என்றால் ஒரு குழுவுக்குப் பதில் சொல்ல என்ன பயம்? பத்து ரூபாய் கட்டி ஒரு குடிமகன் கேட்கிற கேள்விக்கு என்ன பயம்? நாங்கள் கேட்பது அவர்கள் சொந்த மடியைக்கூட இல்லை. நம் காசை முடிந்துவைத்திருக்கிற மடி அது.

கேட்டு என்ன ஆகிவிடப் போகிறது என்பீர்கள். எண்பதைத் தாண்டிய வயதில், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி 2012இல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார். அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை என்று அரசுத் தரப்பில் வாதாடினார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், உரிமைதான் என்றார்கள். ஆதார் நின்றுவிடவில்லை, ஆனால் அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் இன்று நமக்கு நிற்க இடமே இருந்திருக்காது. 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்புக் காரணமோ இல்லாமல், குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக என்று மட்டும் சொல்லி ஒருவர் போனை ஒட்டுக்கேட்க முடியாது என்றது. அதே ஆண்டு நவம்பர் கடைசியில், புதிதாக விற்கிற போனிலெல்லாம் 'சஞ்சார் சாத்தி' என்ற அரசு செயலியைப் போட்டே தர வேண்டும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவு போனது. நாலாபக்கமும் எதிர்ப்பு. டிசம்பர் 3 அன்று உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை.

உங்கள் பெயரை வெளியிடவில்லை. கேட்காவிட்டாலும் ஊரையும் எடுத்துவிட்டேன். கடிதத்தின் பின்பக்கம் நீங்கள் எழுதியிருந்த போன் எண்ணை, அச்சுக்கோப்பவர் கைக்குப் போகுமுன் கறுப்பு மையால் அடித்துவிட்டேன்.