கேலரி வழியாக ஓவியம் வரையச் சொல்வது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெற்றோரின் திருமண நாளுக்கு அவர்கள் இருவரையும் ஓவியமாக வரையச் செய்து பரிசளிக்க விரும்புகிறேன். நான் மனத்தில் வைத்திருக்கும் ஓவியர் ஒரு கேலரி வழியாக மட்டுமே வேலை ஏற்கிறார். அங்கே எல்லாப் பேச்சும் ஆங்கிலத்தில்தான். எழுதச் சொன்னால் சமாளித்துவிடுவேன். தொலைபேசியை எடுத்தால் நா எழுவதில்லை. எப்படித் தொடங்குவது, எதையெல்லாம் கேட்பது?

பதில்: எந்த ஓவியர், யாரை வரைய வேண்டும், என்ன அளவு, எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் என்ற விவரங்களைத்தான் கேலரியில் பேசுபவர் முதலில் அறிய விரும்புவார். இவற்றை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டீர்களானால் பேச்சில் பெரும்பகுதி எண்களும் பெயர்களுமாகவே அமைந்துவிடும். அதற்கு இலக்கணம் அதிகம் தேவைப்படாது. “ஐ உட் லைக் டு கமிஷன் எ போர்ட்ரெய்ட் ஆஃப் மை பேரன்ட்ஸ்” என்று தொடங்கி, ஓவியரின் பெயரைச் சொல்லுங்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. பணம் கொடுத்து வேலை சொல்பவர் நீங்கள்.

அளவைச் சொல்லும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். ஓவியத் துறையில் உயரத்தை முதலிலும் அகலத்தை அடுத்தும் சொல்வதே பொதுவான வழக்கம். இருவரும் அருகருகே அமர்ந்திருக்கும் அகலவாட்டுப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு “90க்கு 60 சென்டிமீட்டர்” என்று நீங்கள் சொன்னால், கேட்பவர் நெட்டையான படம் ஒன்றைக் குறித்துக்கொள்ளக்கூடும். ஆகவே “ஹைட் 60, விட்த் 90” என்று சொல்லையும் எண்ணையும் சேர்த்தே சொல்லுங்கள். அது சட்டத்தோடு சேர்ந்த அளவா, சட்டம் நீங்கலான அளவா என்பதையும் தெளிவுபடுத்துங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம், அவர்கள் கூச்சப்படுவதில்லை. விற்பனைத் தொகையில் பாதி வரைகூடக் கேலரியின் பங்காக இருப்பது சகஜம் என்பதால், விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட, உங்கள் உச்சவரம்பை முதலிலேயே சொல்லிவிட்டு அதற்குள் எந்த அளவு ஓவியம் கிடைக்கும் என்று கேட்பதே பலன் தரும். “மை பட்ஜெட் இஸ்” என்று தொகையைச் சொல்லி, “இன்க்ளூடிங் ஃபிரேம் அண்ட் டெலிவரி” என்று முடித்தால், சட்டத்துக்கும் அனுப்பும் செலவுக்கும் பின்னால் தனி ரசீது வருவதைத் தவிர்க்கலாம். முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை “இஸ் தி டெபாசிட் ரிஃபண்டபிள்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் கிடைக்காது, எந்தக் கட்டத்தில் எவ்வளவு போகும் என்பதாவது தெரிந்துவிடும்.

தேதியைப் பேசுவதற்கு முன் வண்ணம் எது என்று கேட்டுவிடுங்கள். அக்ரிலிக் விரைவில் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணமோ தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும்; வழக்கமான இறுதி வார்னிஷ் பூச ஆறு மாதத்துக்கும் மேல் காத்திருப்பவர்கள் உண்டு. திருமண நாளுக்கு இன்னும் இரண்டே மாதம் இருக்கிறது என்றால், அதற்கேற்ற ஓவியரையோ வண்ணத்தையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

பேசி முடித்த அன்றே, “ஆஸ் டிஸ்கஸ்ட் ஆன் தி ஃபோன் டுடே” என்று தொடங்கி, ஒப்புக்கொண்ட அனைத்தையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். எழுத்து உங்களுக்கு வசப்படும் என்கிறீர்கள். தொலைபேசியில் தவறவிட்டதையும் தவறாகப் புரிந்துகொண்டதையும் அதிலேயே சரிசெய்துகொள்ளலாம்.

கேள்வி: முடிந்த ஓவியம் பிடிக்காமல் போனால் என்ன செய்வது?

பதில்: இதை முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை. 1954இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வின்ஸ்டன் சர்ச்சிலின் 80ஆவது பிறந்தநாளுக்காக கிரஹாம் சதர்லேண்டை வரையச் செய்து பரிசளித்த உருவப்படம் சர்ச்சிலுக்குச் சற்றும் பிடிக்கவில்லை; பின்னர் அவருடைய மனைவி அதை அழிக்கச் செய்துவிட்டார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியிராது, கோட்டோவிய நிலையிலேயே உங்கள் ஒப்புதலைக் கேட்கும்படி ஒப்பந்தம் செய்துகொண்டால்.

“ஹவ் மெனி ரிவிஷன்ஸ் ஆர் இன்க்ளூடட்?” என்று கேட்டு, எத்தனை முறை திருத்தம் சொல்லலாம் என்பதை எழுதி வாங்குங்கள். திருத்தம் சொல்லும்போது “ஐ டோன்ட் லைக் இட்” என்பது யாருக்கும் உதவாது. அதைக் கேட்டு ஓவியர் எதை மாற்றுவார்? “குட் தி ஐஸ் பி எ லிட்டில் சாஃப்டர்?” என்றால் கண்களில் கைவைத்தால் போதும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். முகச்சாயல் பற்றிய குறைகளை முதல் கோட்டோவியத்திலேயே சொல்லிவிடுங்கள். வண்ணம் ஏறியபின் முகத்தை மாற்றச் சொல்வது ஏறத்தாழ மறுபடி வரையச் சொல்வதுதான்.

கேள்வி: அந்த ஓவியத்தை அச்சிட்டு உறவினர்களுக்கு வாழ்த்து அட்டையாக அனுப்பலாமா?

பதில்: ஓவியம் உங்களுடையது என்பதாலேயே படியெடுக்கும் உரிமையும் உங்களுடையது என்றாகிவிடாது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக அது ஓவியரிடமே இருக்கும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ, வேறு உடன்பாடு இல்லாதபோது, பணம் கொடுத்து வரையச் சொன்னவரையே முதல் உரிமையாளராகக் கொள்கிறது. நாட்டுக்கு நாடு இப்படி மாறுவதால், “கேன் ஐ பிரிண்ட் காப்பீஸ் ஃபார் மை ஃபேமிலி?” என்று கேட்டு, கிடைக்கும் பதிலை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். விற்பனைக்கு இல்லை என்று சொன்னால் பெரும்பாலான ஓவியர்கள் இசைந்துவிடுவார்கள்.