'வயது வந்தோர்' என்று எழுதினால் யார் வருவார்கள்?

ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராம அபிவிருத்திச் சங்கமொன்றின் செயலாளர் கேட்கிறார்: "பொதுக்கூட்ட அறிவித்தலில் 'வயது வந்தோர் அனைவரும் சமுகமளிக்கவும்' என்று போட்டோம். பெடியள் ஒருத்தரும் வரேல்லை. அது வயசுபோன ஆக்களுக்கு என்று நினைச்சிட்டினமாம். அங்கத்துவப் படிவத்திலும் இதே சொல்தான் கிடக்கு. பெரியோர், முதியோர், வளர்ந்தோர், இதில எதைப் போடுறது?"

பெடியளில் பிழையில்லை. 'வயது' வடமொழி 'வயஸ்' என்பதிலிருந்து வந்த சொல். அதோடு எந்த வினை சேர்கிறதோ அதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது. வயது வந்தவர் என்றால் சட்டம் 'பராயமடைந்தவர்' என்கிற ஆள். வயசுக்கு வந்தவள் என்றால் சாமத்தியப்பட்ட பிள்ளை; அவளுக்குப் 12 வயதாகவும் இருக்கலாம். வயசு போனவர் என்றால் கிழவர். முதலாவது எழுத்தில்தான் வாழ்கிறது, மற்ற இரண்டும் வன்னியில் நாளாந்தம் வாயில் புழங்குகின்றன. அதனால் அறிவித்தலை வாசிப்பவரின் காது அந்த இரண்டில் ஒன்றுக்குத் தாவிவிடும்.

'பெரியாக்கள்' (பெரிய ஆட்கள், பேச்சில் 'ட்க' இங்கே 'க்க' ஆகிவிடும்) சின்னாக்கள் அல்லாதவர்களையும் குறிக்கும், ஊரில் செல்வாக்குள்ளவர்களையும் குறிக்கும். எழுத்தில் 'பெரியோர்' என்றாக்கினால் இன்னும் விலகிப்போகும். "செயற்கரிய செய்வார் பெரியர்" என்ற குறளில் வயதுக்கு வேலையே இல்லை. அழைப்பிதழிலும் மேடை விளிப்பிலும் 'பெரியோர்களே' என்பது அழகு. படிவத்தில் வேண்டாம்.

'முதியோர்' என்பதன் அடி 'முது'. முதிர்ச்சியும் மூப்பும் அந்தக் குடும்பம்தான். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் பரம்பரைச் சொத்தைக் குறிக்கும் முதுசமும் அதே. இலங்கையில் இச்சொல்லுக்குச் சட்ட எல்லை இருக்கிறது: 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முதியோர் என்றால் 60 வயதும் அதற்கு மேலும். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் வரும் 'முதியோர் கல்வி' இளவயதினரையும் சேர்த்த எழுத்தறிவு வகுப்பு. அந்தத் தலைப்பை அப்படியே எடுத்து இங்கே விளம்பரம் போட்டால் தாத்தாமாரும் பாட்டிமாரும்தான் வருவார்கள்.

கிழவரைப் பற்றியும் சொல்லவேண்டும். பழந்தமிழில் 'கிழமை' என்றால் உரிமை, 'கிழவன்' என்றால் உரிமையுடையவன், தலைவன். அகப்பாடலின் காதலனே கிழவன்தான். நரை பிற்பாடுதான் வந்து ஏறியது.

'வளர்ந்தோர்' குழப்பமில்லாத சொல். ஆனால் யாரும் வாயால் சொல்வதில்லை. மருந்தளவு, கட்டணம் போல 'சிறுவர்' என்று பக்கத்தில் இன்னொரு நிரல் இருக்கும் இடத்தில் நன்றாகப் பொருந்தும்.

உங்கள் அறிவித்தலுக்கு இந்த எதுவும் தேவையில்லை, எண்ணைப் போடுங்கள். இலங்கையில் பராய வயது 1989இல் 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. '18 வயதுக்கு மேற்பட்டோர்' என்று எழுதினால் சரியாக 18 ஆனவர் உள்ளா வெளியா என்று வாசலில் பிரச்சினை வரும். '18 வயதுடையோர்' என்றால் "எனக்குப் 18 நடக்குது" என்று 17 முடிந்தவரும் வந்து நிற்பார். இப்படி எழுதலாம்:

"2026 ஜனவரி 1ஆம் திகதியன்று 18 வயது பூர்த்தியான, இக்கிராமத்தில் வசிக்கும் ஆண் பெண் அனைவரும்."

திகதி கட்டாயம். படிவத்தில் 'வயது' என்ற கட்டத்தை எடுத்துவிட்டுப் 'பிறந்த திகதி' என்று மாற்றுங்கள். 12 இலக்க அடையாள அட்டையென்றால் முதல் நான்கு இலக்கமும் பிறந்த ஆண்டு. 2007 அல்லது அதற்கு முந்தியதென்றால் சரி. 2008 என்றிருந்தால் அடுத்த மூன்று இலக்கத்தைப் பாருங்கள். அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 001 அல்லது 501 என்றால் மட்டும் பெயரைப் பதியலாம்.