பள்ளியும் பல்லியும்

வணக்கம் ஐயா,

பாலக்கோடு பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 1,80,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். பெரிய ஸ்மார்ட் போர்டு ஒன்று வாங்கலாம் என்று பாதிப் பேர், பழையதைச் சரிசெய்து விற்கிற லேப்டாப் எட்டு வாங்கலாம் என்று மீதிப் பேர். எது சரி? எங்கள் பக்கம் நெட் கிடைப்பது சிரமம், அதற்கு என்ன செய்வது? ஐந்தாம் வகுப்பிலிருந்தே கோடிங் ஆரம்பிக்கலாமா? தமிழ் டைப்பிங் ஒன்றும் பெரிய பிரச்சினை இல்லை. பிள்ளைகள் போனில் இங்கிலீஷ் எழுத்தில் அடித்தே தமிழை வரவைத்துவிடுகிறார்கள். இனி அதுவும் வேண்டியதில்லை, பேசினாலே போன் எழுதிக்கொள்கிறது. வழி சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

ஊர்ப் பள்ளிக்குப் பணம் திரட்டுவது என்றால் கல்யாணப் பத்திரிகை வைப்பது போல வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறவர்களை ஞாயிற்றுக்கிழமையில் பிடித்து உட்கார வைத்திருப்பீர்கள். அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு. ஆனால் கடிதத்தில் ஒரே வரியில் ஒன்றைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள் பாருங்கள், "தமிழ் டைப்பிங் ஒன்றும் பெரிய பிரச்சினை இல்லை" என்று. கொஞ்ச நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் அது. அந்த வரியைப் படித்ததும் போர்டும் லேப்டாப்பும் எனக்கு மறந்தே போயிற்று.

ஐயா, அதுதான் பிரச்சினை. கணினிக்கு முன் உட்காரும் குழந்தை ஒன்று பார்க்கும், அல்லது எழுதும். பார்ப்பதற்கு வீட்டில் டிவி இருக்கிறது. எழுதத்தான் பள்ளிக்கூடம். எழுதுவது என்றால் எந்த எழுத்தில்?

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் "பள்ளி" என்று அடிக்கச் சொல்லுங்கள். இங்கிலீஷ் எழுத்தில் அது அடிப்பது பி, ஏ, எல், எல், ஐ. திரையில் ஒரு பட்டியல் விழும். பள்ளி, பல்லி, பாலி என்று நாலைந்து இருக்கும். முதலில் நிற்பதைப் பிள்ளை தொடும். சரியானது வந்தால் அதிர்ஷ்டம், வராவிட்டால் பல்லிக்கூடம். ல, ள, ழ எங்கே வரும் என்று தமிழாசிரியர் வருடம் முழுவதும் கரும்பலகையில் மல்லுக்கட்டுகிறார். நீங்கள் வாங்கப்போகும் எந்திரம் அந்த வேலையைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. ழ வேண்டுமென்றால் இசட்டையும் எச்சையும் சேர்த்து அடி என்று சொல்லிக்கொடுப்பதற்குப் பெயர் தமிழ்ப் பாடமா? தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வரும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்குத் தமிழே பள்ளியில் வந்து பழகும் எழுத்து. அதை எழுத மூன்றாவதாக ஒரு எழுத்தைச் சுற்றிக்கொண்டு வரச் சொல்கிறோம்.

இதற்கு வழி எப்போதோ வந்துவிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கணினித் தமிழுக்காகத் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்டதுதான் தமிழ் 99 விசைப்பலகை, அதாவது சாதாரண கீபோர்டிலேயே எந்த விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற அமைப்பு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 விசை. 247 எழுத்தும் இதற்குள் அடக்கம். கால் எங்கே, கொம்பு எங்கே என்று தேட வேண்டியதில்லை.

நடு வரிசையில் இடது கைப் பக்கம் அ, இ, உ, ஃ, எ. வலது கைப் பக்கம் க, ப, ம, த, ந, ய. அ-வுக்கு மேல் ஆ, இ-க்கு மேல் ஈ, உ-வுக்கு மேல் ஊ, எ-வுக்கு மேல் ஏ. குறில் நடு வரிசையில், அதன் நெடில் மேல் வரிசையில். ஒ, ஓ மட்டும் கீழ் வரிசையில் அக்கம்பக்கமாக இருக்கும். உயிருக்கு இடது கை, மெய்க்கு வலது கை. வ, ங இரண்டும் இடம் போதாமல் இடது ஆட்காட்டி விரலுக்கு வந்துவிட்டன. மெய்யைத் தட்டி உயிரைத் தட்டினால் உயிர்மெய். முதல் வகுப்பில் "க்-உம் ஆ-வும் கா" என்று பாடுகிறார்களே, விரலும் அதே வரிசையில்தான் போகிறது.

புள்ளி வைப்பதில் இன்னும் அழகு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். இன எழுத்துகளுக்கும் அப்படியே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. மற்ற இடங்களில் மெய்யை அடுத்து ஃ தட்டினால் புள்ளி. இதனால் முதல் வாரத்தில் விரலை நடு வரிசையிலிருந்து நகர்த்தாமலே சொற்கள் வந்துவிடும். உ, ப, ப, உ என்றால் உப்பு. த, ம, ப, இ என்றால் தம்பி. ப, ந, த, உ பந்து. க, த, த, இ கத்தி. எல்லாம் நாலே தட்டு. இரண்டாம் வாரம் மேல் வரிசையையும் திறந்துவிட்டால் அஞ்செட்டி ஏழு தட்டில் வரும்: அ, ஞ, ச, எ, ட, ட, இ. கீழ் வரிசையும் வந்தபின் உங்கள் பாலக்கோடு எட்டு: ப, ஆ, ல, க, க, ஓ, ட, உ.

பள்ளிக்கும் பல்லிக்கும் வருவோம். ள மேல் வரிசையில், ல கீழ் வரிசையில். இரண்டுக்கும் வலது ஆட்காட்டி விரல்தான். ஒன்றுக்கு விரல் மேலே ஏற வேண்டும், இன்னொன்றுக்குக் கீழே இறங்க வேண்டும். எது என்று பிள்ளை முடிவு செய்தால்தான் விரல் நகரும். பட்டியல் வந்து காப்பாற்றாது. எனக்கு வேண்டியது அந்த ஒரு நொடி.

எங்கே தடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு "அந்தப் பலகை சரியில்லை" என்று கடிதம் வரக்கூடாது. உங்கள் மாவட்டத்தின் பெயரிலேயே முதல் தடங்கல். தருமபுரி என்று நேராகத் தட்டிப் பாருங்கள், "தரும்புரி" என்று வரும். ம-வை அடுத்து ப வந்தால் அது இன எழுத்து என்று எடுத்துக்கொண்டு புள்ளி வைத்துவிடுகிறது. நடுவில் அ ஒன்று தட்ட வேண்டும்: த, ர, உ, ம, அ, ப, உ, ர, இ. அந்த அ திரையில் தெரியாது, புள்ளியை மட்டும் தடுக்கும். பப்பாளிக்கும் இதே கதைதான்: ப, அ, ப, ப, ஆ, ள, இ. இந்த இரண்டு சொல்லையும் ஒருநாள் பாடமாகவே வைத்துவிடுங்கள். அடுத்த தடங்கல் ஔ. இடது சுண்டுவிரலுக்குக் கீழே தனி விசை இருக்கும்போது பெரியவர்களே ஒ-வையும் ள-வையும் ஒட்டி வைத்து ஔவையார் என்று நம்பிக்கொள்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும், தேடினால் கிடைக்காது.

மூன்றாவது தடங்கல் ஆசிரியர். பழைய தமிழ்த் தட்டச்சில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர் இருந்தால் அவர் கை கொம்பை முதலில் தேடும். அங்கே கண்ணுக்குத் தெரியும் வரிசை, இங்கே காதில் விழும் வரிசை. அவருக்கு ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும். அவர் பழக்கத்துக்காகப் பிள்ளைகளுக்கும் தட்டச்சுப் பலகையைப் போட்டுவிடாதீர்கள். வினாத்தாளை வானவில், பாமினி என்ற பழைய எழுத்துருக்களில் அடிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அவை எழுத்துருவை மாற்றி ஏமாற்றும் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜிலேபி பிழிந்தது போல இருக்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் அடித்தால் எந்தப் போனிலும் திறக்கும்.

பேசினால் எழுதுகிறதே என்கிறீர்கள். ஒரு வகுப்பில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசட்டும், எது எழுதுகிறது பார்ப்போம். அதில் பெரும்பாலானவை நெட் இல்லாமல் வாயே திறக்காது. அப்படியே எழுதினாலும், எழுதியது சரியா என்று பார்க்க எழுத்துத் தெரிந்த ஒருவர் வேண்டாமா? கண் தெரியாத பிள்ளைக்கும் கை வராத பிள்ளைக்கும் அது வரம். மற்றவர்களுக்கு இப்போது வேண்டாம்.

கணினியில் தமிழ் 99-ஐச் சேர்ப்பது பத்து நிமிட வேலை. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் 11-இலும் அது உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் கீபோர்டு பட்டியலைத் திறந்து தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறு நடப்பது இங்கேதான். தமிழ் என்று சேர்த்ததும் வேறொரு பலகை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை நீக்காமல் விட்டால் பிள்ளைகள் மாற்றி மாற்றித் தட்டிக் குழம்புவார்கள். நீக்கிவிட்டு ப-வை இருமுறை தட்டுங்கள். "ப்ப" வந்தால் சரி, வேறு எது வந்தாலும் இன்னும் வேறு பலகையில் இருக்கிறீர்கள். தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் மாற விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ். நெட் உள்ள இடத்தில் வைத்து எட்டு கணினிக்கும் ஒரே மூச்சில் செய்துவிடுங்கள்.

விசைமேல் ஒட்டும் ஸ்டிக்கர் வேண்டாம். பிள்ளைகள் நகத்தால் உரித்துவிடுவார்கள், பசை மட்டும் மிஞ்சும். அட்டையில் பலகை செய்யுங்கள். விசைக்கு விசை 19 மில்லிமீட்டர். மேல் வரிசையில் 12 விசை, 228 மில்லிமீட்டர். ஏ4 தாளைப் படுக்கையாக வைத்தால் தாராளமாக அடங்கும். நடு வரிசையை 5 மில்லிமீட்டர் வலப்பக்கம் தள்ளி வரையுங்கள், கீழ் வரிசையை அதிலிருந்து இன்னும் 9 அல்லது 10 மில்லிமீட்டர். இந்தத் தள்ளல் இல்லாமல் கட்டம் கட்டமாக வரைந்தால் பழகிய விரல் உண்மையான பலகையில் பக்கத்து விசையில் போய் விழும். வீட்டுக்கு ஓர் அட்டை கொடுத்துவிடலாம். நாற்பது பேருக்கு எட்டு கணினி என்றால் ஒன்றுக்கு இரண்டு பேர், பதினாறு பேர் திரையில், மீதி இருபத்து நாலு பேர் அட்டையில். நாற்பது நிமிடப் பாடவேளையில் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால் எல்லோருக்கும் கை பட்டுவிடும். ஒரு கணினியைச் சுற்றி ஐந்து பேரை நிறுத்தினால், எப்போதும் ஒரே பையன்தான் தட்டுவான். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

கோடிங்கா? ஐந்தாம் வகுப்புக்கு வேண்டாம். முதலில் ஊராட்சிக்குத் தண்ணீர்த் தொட்டி பற்றி ஒரு மனு பிழையில்லாமல் அடிக்கட்டும்.

நெட் இல்லாததும் பெரிய குறை இல்லை. கிவிக்ஸ் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்து எல்லாக் கணினியிலும் போடலாம். ஃபேட்32 வடிவப் பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒற்றைக் கோப்பை ஏற்காது. நகல் எடுக்க முடியாமல் நின்றுவிடும், பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுவார்கள். அதை எக்ஸ்ஃபேட் வடிவத்தில் ஃபார்மட் செய்தால் போதும். பாடநூலில் உள்ள க்யூஆர் கோடு காணொளிகளையும் ஆசிரியர் வீட்டிலேயே தீக்ஷா செயலியில் இறக்கிக்கொண்டு வரலாம்.

நீங்கள் கேட்டது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. லேப்டாப். போர்டு வந்தால் ஆசிரியர் எழுதுவார், பிள்ளை பார்க்கும், பழைய கதைதான். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும், பேட்டரி மட்டும் புதிதாக மாற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு யுஎஸ்பி கீபோர்டு, கூட இரண்டு உபரி. பிள்ளைகள் அடிக்கிற அடியில் உடைவது சில நூறு ரூபாய்ப் பொருளாக இருக்கட்டும்.

இன்வெர்ட்டருக்குப் பணம் போடாதீர்கள், லேப்டாப்பிலேயே பேட்டரி இருக்கிறது. அந்தக் காசில் ஒரு பகுதியை எர்த்திங்குக்கு ஒதுக்குங்கள். பழைய கட்டடங்களில் பிளக் பாயிண்டின் மூன்றாவது ஓட்டை, அதாவது எர்த், பெயருக்குத்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டரில் பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ட் வாக்கில் இருந்தால், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் 3 வோல்ட்டைத் தாண்டினால் எங்கேயோ கோளாறு. எர்த் இல்லாவிட்டால், சார்ஜருக்குள் உள்ள ஃபில்டர் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் போக வழியில்லாமல் உலோக மூடியில் நிற்கும். வெறுங்காலோடு தொடும் பிள்ளைக்குச் சுருக்கென்று இருக்கும், மறுநாள் கிட்ட வராது. உங்கள் பக்கம் பாறை மண், கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். மார்ச்சிலிருந்து வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

கோடை விடுமுறைக்குப் பீரோவில் வைத்துப் பூட்டும்போது பேட்டரி பாதி அளவில் இருக்கட்டும். காலியாக வைத்துப் பூட்டினால் ஜூனில் எட்டில் இரண்டு மூன்று எழுந்திருக்காது. பீரோ சாவி தலைமையாசிரியரிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று.