கேள்வி - பதில்: பட்டறைப் பாடத்துக்கு எப்படி மார்க் போடுவது?

தொழில்நுட்பம், வடிவமைப்பு, தொழிற்கல்வி வகுப்புகள் பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

ஒன்பதாம் வகுப்பில், இருட்டானதும் தானே எரியும் விளக்கு செய்யச் சொன்னேன். சிலர் ரிச்சி தெருவில் ரெடிமேடாக வாங்கி வந்துவிட்டார்கள். அது பளிச்சென்று எரிகிறது. ராத்திரி உட்கார்ந்து தானே செய்த பிள்ளையுடையது எரியவில்லை. 20 மார்க்கை எப்படிப் பிரிப்பது?
- ஆசிரியை, வியாசர்பாடி

எரிகிறது என்பதற்கு 2 மார்க் போதும், டீச்சர். மீதி 18-ஐக் கடையில் விற்காத விஷயங்களுக்குக் கொடுங்கள்: வரைபடமும் கணக்கும் 5, சால்டரிங் (ஈயத்தால் பற்றவைப்பது) 5, மல்டிமீட்டரில் எடுத்த அளவுகள் 4, பழுது கண்டுபிடித்தல் 4. வேலை தொடங்கும் நாளிலேயே இதைக் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு சொன்னால் பிள்ளைகளுக்கு அது தண்டனையாகத்தான் படும்.

கணக்கை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். ஒற்றைப்படை வரிசை எண்ணுக்கு 9 வோல்ட், இரட்டைப்படைக்கு 6 வோல்ட். சிவப்பு எல்.இ.டி.யில் எல்லோருக்கும் 10 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும் என்று சொல்லுங்கள். எல்.இ.டி. 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 9 வோல்ட்டில் மிச்சம் 7. அதை 0.01 ஆம்பியரால் வகுத்தால் போட வேண்டிய ரெசிஸ்டர் 700 ஓம், கடையில் கிடைப்பது 680. 6 வோல்ட்காரருக்கு 400 வரும். அவர் 390 போட வேண்டும். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினால் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

சரியாக வேலை செய்யாத விளக்குகளில் பெரும்பாலும் நான்கே காரணங்கள். முதலாவது, விளக்குக்கு சுவிட்சாக வேலை செய்யும் பி.சி.547 டிரான்சிஸ்டரைத் திருப்பி வைத்தது: தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். இரண்டாவது, எல்.இ.டி.யின் நீளக் கால் பிளஸ் பக்கம் இல்லாதது. மூன்றாவது, உலர் இணைப்பு. ஈயத்தை சால்டரிங் அயர்ன் முனையில் உருக்கி எடுத்துவந்து அப்பினால், அது ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் வழியிலேயே எரிந்துபோகும். இணைப்பு மங்கலாக, மணல் மணலாகத் தெரியும். 25 வாட் அயர்னால் தாமிரத் தடத்தையும் காலையும் சேர்த்து இரண்டு மூன்று விநாடி சூடாக்கி, ஈயத்தை அந்தச் சூட்டில் காட்ட வேண்டும். கடற்காற்று அடிக்கும் நம் பக்கத்தில் பல மாதம் பெட்டியில் கிடந்த போர்டும் கால்களும் கறுத்துவிடும். முதலில் உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் ஈயம் ஒட்டாது.

நான்காவது கோளாறு நேர்மாறானது: வெளிச்சத்திலும் விளக்கு அணையாது. பிளஸ்ஸிலிருந்து பேஸுக்கு 47 கிலோ ஓம், பேஸிலிருந்து மைனஸுக்கு எல்.டி.ஆர். (வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் பாகம்) என்று வைத்தால், 9 வோல்ட்டில் எல்.டி.ஆர். ஏறத்தாழ 3 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கினால்தான் பேஸ் 0.6 வோல்ட்டுக்குக் கீழே வந்து டிரான்சிஸ்டர் விளக்கை அணைக்கும். ஜன்னலிலிருந்து தள்ளியிருக்கும் மூலையில் அது அவ்வளவு இறங்காது. 47-ஐ எடுத்துவிட்டு 100 கிலோ ஓம் போட்டால் 7 கிலோ ஓமிலேயே அணைந்துவிடும். இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்கு அந்த 4 மார்க்கையும் தயங்காமல் கொடுங்கள்.

எரியாத விளக்கோடு வந்த பிள்ளை, "இருட்டில் பேஸில் 0.65 வோல்ட் வருகிறது, ஆனாலும் எரியவில்லை, ஆகவே கோளாறு கலெக்டர் பக்கம்" என்று எழுதியிருந்தால் அதுவும் முழு 4 மார்க்கான வேலை. ரெடிமேட் கொண்டுவந்தவரைத் திட்ட வேண்டாம். அவர் போர்டில் ஒரு இணைப்பைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து பத்து நிமிடம் விடுங்கள். மார்க் தானாகவே தெரியும்.

என் பையன் பிளஸ் 2. காய்ச்சலில் படுத்ததால் ஒரு பிராஜெக்ட்டைக் கொடுக்கவில்லை; பூஜ்யம் போட்டுவிட்டார்கள். இனி பொதுத்தேர்வு மார்க்கும் போய்விடுமா?
- ஒரு தாய், காசிமேடு

பதற வேண்டாம், அம்மா. மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்பின் அக மதிப்பீடு பாடத்துக்கு 10 மார்க். அதில் வருகைக்கு 2, பள்ளித் தேர்வுகளுக்கு 4, ஒப்படைப்பு அல்லது பிராஜெக்ட்டுக்கு 2, பாட இணைச் செயல்பாடுகளுக்கு 2. ஆக, பிராஜெக்ட் தொடுவது 2 மார்க்கைத்தான். வருகை 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 2 முழுதாக வரும். 75-க்கும் 80-க்கும் இடையில் என்றால் 1. காய்ச்சல் விடுப்புக்கு மருத்துவச் சீட்டோடு கடிதம் கொடுத்து வையுங்கள்.

ஆனால் அந்தப் பூஜ்யம் சரியில்லை என்பதே எங்கள் கருத்து. 20-க்கு 16, 15, 17 வாங்கிய பிள்ளைக்கு மூன்றையும் சேர்த்தால் 80 சதவீதம். நான்காவதாக ஒரு பூஜ்யம் சேர்ந்தால் அது 60 ஆகிவிடும். அவனுக்குத் தெரிந்தது குறையவில்லை, கணக்கு மட்டும்தான் சரிந்தது. செய்யாத வேலைக்கு மார்க் பட்டியலில் "வரவில்லை" என்று குறித்து, இரண்டு வாரக் கெடு கொடுத்து வாங்கலாம். காரணமில்லாமல் தாமதித்தவருக்கு மட்டும் 20-க்கு 2 குறைக்கலாம். வகுப்பாசிரியரை நேரில் பார்த்து, மாற்று வேலை ஒன்று கேளுங்கள்.

தொழிற்பிரிவில் மெக்கானிக்கல் படிக்கிறேன். படம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் டிராயிங்கில் மார்க் குறைகிறது.
- மாணவர், தண்டையார்பேட்டை

தம்பி, யூடியூப் பார்த்துப் பழகினாயா? அமெரிக்க வீடியோக்களில் மூன்றாம் கோண வீழல் (ஒரு பொருளின் தோற்றங்களைத் தாளில் எங்கெங்கே வரைவது என்ற முறைகளில் ஒன்று). நம் இந்திய தர நிர்ணய நூல் எஸ்.பி. 46 சொல்வது முதல் கோணம். இதில் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வர வேண்டும், இடப்பக்கத் தோற்றம் வலப்புறம். இடம் மாறினால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறுதான்.

அடுத்தது கோடு. துணைக்கோட்டை 2எச் பென்சிலில் மெலிதாகப் போட்டு, வெளிக்கோட்டை எச் அல்லது எச்பி-யில் அழுத்து. இரண்டும் ஒரே கனத்தில் இருந்தால் திருத்துபவருக்குப் பொருளின் உருவமே தெரியாது. அம்புமுனையின் நீளம் அகலத்தைப் போல் மூன்று மடங்கு. அளவுகள் மில்லிமீட்டரில், எண்ணை மட்டும் எழுது, பக்கத்தில் மி.மீ. வேண்டாம். ஒரே அளவை இரண்டு தோற்றங்களில் எழுதாதே. வியர்வைக் கையால் தாள் கறுக்காமலிருக்க உள்ளங்கைக்கு அடியில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொள்.

நான்கு பேர் குழுவில் ஒருவன்தான் வேலை செய்கிறான். நாலு பேருக்கும் ஒரே மார்க். வழி உண்டா?
- தொழிற்கல்வி ஆசிரியர், திருவொற்றியூர்

20-இல் 8 மட்டும் குழுவுக்கு, 12 தனி ஆளுக்கு. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் ஆளுக்கு இரண்டு வரி, தேதியோடு: இன்று என்ன செய்தேன், எது சரியாக வரவில்லை. நீங்கள் அன்றைக்கே கையெழுத்திடுங்கள். மாதக் கடைசியில் ஒரே பேனாவில் எழுதிய நோட்டை ஏற்க வேண்டாம். கடைசி நாளில் பொருளைப் பற்றி விளக்க வேண்டிய ஆளைக் குழு தேர்ந்தெடுக்கக் கூடாது. சீட்டு எடுத்து நீங்கள் கூப்பிடுங்கள், அவர் செய்யாத பாகத்தைப் பற்றியே ஒரு கேள்வியும் கேளுங்கள். இதை முதல் நாளே அறிவித்துவிட்டால், வேலை தெரிந்தவன் மற்ற மூவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடுவான்.