போகக் கணக்கும் ஆண்டு வட்டியும்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடி அருகே எங்களுக்கு நான்கு ஏக்கர் நிலம். சம்பா மட்டும் செய்கிறோம். மாதந்தோறும் வீட்டுக்குப் பட்ஜெட் எழுதுகிறேன், மூன்றாம் மாதமே அது உடைந்துவிடுகிறது. வெளிக்கடன் என்று பார்த்தால் இரண்டு வட்டிக்கு வாங்கிய ஐம்பதாயிரம் மட்டுமே. கணக்கு எழுத நோட்டுப் புத்தகம் நல்லதா, கைப்பேசிச் செயலி நல்லதா?

ம.

அன்புள்ள ம.,

நோட்டோ செயலியோ, கைக்கு எது பழக்கமோ அதில் எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு இரண்டு சொற்கள்: ‘மாதந்தோறும்’, ‘மட்டுமே’.

சம்பளக்காரர் வீட்டுக்கு மாதக் கணக்கு பொருந்தும். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்து, நாற்றுவிட்டு, நட்டு, களையெடுத்து, உரமிட்டு, தை மாசியில் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்ட பிறகுதான் பணத்தைக் கண்ணால் பார்க்கும் வீட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்? பள்ளிக் கட்டணம், நடவுக் கூலி, தீபாவளி எல்லாம் வரவே இல்லாத மாதங்களில் வரிசையாக வந்து நிற்கின்றன. உங்கள் பட்ஜெட் உடைவதற்கு உங்கள் கைச்செலவைக் காரணம் சொல்லி நொந்துகொள்ளாதீர்கள்.

நெல் கொட்டி வைக்கும் எங்கள் வீட்டுப் பத்தாயத்தின் உட்பலகையில் அம்மா கரியால் கோடுகள் போட்டிருப்பார். அறுவடை முடிந்ததும் விதைநெல், கூலிநெல், சாப்பாட்டு நெல் என்று ஒதுக்கிய பிறகுதான் விற்பனைக்கு மூட்டை பிடிக்க விடுவார். சாப்பாட்டு நெல் இந்தக் கோட்டுக்கு இறங்கும்போது சித்திரை, அடுத்த கோட்டுக்கு ஆடி. ஆனியிலேயே ஆடிக் கோடு தெரிந்துவிட்டால் அன்றிலிருந்து இரவில் கஞ்சிதான். பள்ளிக்கூடம் போகாத அவருக்கு ஓர் ஆண்டு முழுவதும் கண்முன்னால் இருந்தது.

அந்தக் கோடுகளுக்குள் அடங்காமல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது வட்டி. அக்காவின் திருமணத்துக்காக அப்பா ஒருவரிடம் இருபதாயிரம் வாங்கினார். அம்மா கேட்டபோது “மூணு வட்டிதான்” என்றார். மூன்று என்பது காதுக்கு எவ்வளவு சிறிய எண்! நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் மாதம் அறுநூறு. மூன்று ஆண்டுகளில் 21,600. வாங்கியதற்கு மேல் கட்டியும் முதல் அப்படியே நின்றது. கடைசியில் மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர், நிலத்தை விற்று அடைத்தோம்.

ஆகவேதான் உங்களுடைய ‘மட்டுமே’ என்னைக் கோபப்படுத்துகிறது. இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 விழுக்காடு. ஐம்பதாயிரத்துக்கு மாதம் ஆயிரம், ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம். படித்த பெண் நீங்கள், பால் செலவை எழுதிவிட்டு இதை ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகலாமா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயில் பணத்தைக் கடனாகப் பெற்ற ஊர்ச்சபைகள் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது பன்னிரண்டரை விழுக்காடு, பொலிசை என்ற வட்டி செலுத்தின. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இதே மண்ணில் வட்டியை ஆண்டுக்கு இவ்வளவு என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். நாம் அதை மாதத்துக்கு நறுக்கி, சிறிய எண்ணாக்கி, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். இனி உங்கள் வீட்டில் யாரும் ‘இரண்டு வட்டி’ என்று சொல்லக் கூடாது. ‘இருபத்து நான்கு’ என்றே சொல்லுங்கள்.

சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவுகளோடு உங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு உங்கள் கணவர் போயிருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. தவணைக்குள் திருப்பிக் கட்டினால் அங்கே பயிர்க் கடனுக்கு வட்டியே கிடையாது. நடவுச் செலவை அதில் முடித்துக்கொண்டால், கையில் இருப்பதை வெளியே வாங்கியதற்குக் கட்டலாம். சீட்டு, நகைச்சீட்டு, காப்பீடு பற்றியெல்லாம் இப்போது யோசிக்க வேண்டாம்.

இந்தத் தையில் நெல் பணம் வங்கிக் கணக்கில் ஏறிய அன்றே, வேறு எதற்கும் எடுப்பதற்கு முன்பு, அந்த ஐம்பதாயிரத்தில் மிச்சமிருப்பதை அடைத்துவிட்டு, எழுதிக்கொடுத்த பத்திரத்தைக் கையோடு திரும்ப வாங்குங்கள். வாங்கியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.